குறுக்கே எழுதிய கடிதம்

நியூ ஜெர்சிக்கு வந்த முதல் வருடம் எனக்குப் பகல்பொழுது மிகவும் நீளமாக இருந்தது. என் கணவர் காலை ஏழு மணிக்கு பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடித்து நியூயார்க் போய்விடுவார். திரும்பி வர சாயங்காலம் ஏழரை ஆகும். அதுவரை பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்ட்டில் நானும் ஒரு சோபாவும்தான். அவருக்கு எச்-1 விசா. அவரோடு ஒட்டிக்கொண்டு வந்த எனக்கு எச்-4. அதில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான்கு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். இங்கே காலை பத்து மணிக்குள் சமையலும் முடிந்து, துவைத்ததும் மடித்து, அதன் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் பக்கம் நிற்பேன். இது 1997.

நடந்து போகிற தூரத்தில் இருந்தது நூலகம் ஒன்றுதான். வாரத்துக்கு நான்கு நாள் போனேன். மூன்றாவது மாதம் அங்கே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: பழைய கடிதங்களைப் படித்து டைப் செய்யத் தன்னார்வலர்கள் தேவை, கையெழுத்து படிப்பதில் பொறுமை வேண்டும். நான்கு வருடம் பரீட்சைப் பேப்பர் திருத்தியவளுக்கு வேறு என்ன தகுதி வேண்டும்? சாயங்காலம் கணவரிடம் சொன்னேன்.

"சம்பளம் கிடையாதா?"

"கிடையாது. வாலண்டியர்."

"அது கூட விசாவுக்குப் பிராப்ளம் ஆயிடப்போகுது. இரு, லாயர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

சம்பளம் வாங்காதவரை தப்பில்லை என்றார் லாயர். அடுத்த திங்கட்கிழமையே போய்விட்டேன்.

அந்த வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த நூலகர் உயரமான அமெரிக்கப் பெண்மணி. வயது நாற்பத்தைந்து இருக்கும். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார், அதையே தேடிக்கொண்டும் இருப்பார். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை, கடைசிவரை மேடம்தான். பக்கத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டை இடிப்பதற்கு முன்னால் அந்தக் குடும்பத்தார் ஐந்து பெட்டி காகிதங்களை நூலகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு ஓய்வுபெற்ற மனிதர்கள் அதில் பெரும்பகுதியை முடித்திருந்தார்கள். அவர்களால் முடியாமல் ஒதுக்கி வைத்தவை மட்டும் ஒரு பச்சை ஃபோல்டரில் இருந்தன. அதை என்னிடம் கொடுத்தார்.

"எதுவும் வரலைன்னாலும் பரவாயில்லை. முயற்சி பண்ணிப் பாருங்க," என்றார் ஆங்கிலத்தில்.

ஃபோல்டரில் கடைசியாக இருந்த கடிதத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே தாள். நீளவாக்கில் பக்கம் முழுக்க எழுதி, பிறகு தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளுக்கு மேலேயே குறுக்காக இன்னொரு முறை எழுதியிருந்தது. பார்ப்பதற்குக் கொசுவலை மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில் காகிதம் கிடைக்காதபோது இப்படி எழுதுவது வழக்கம்தானாம். நாங்களும் இன்லண்ட் லெட்டரில் இடம் போதாமல் ஒட்டுகிற மடிப்பில்கூட எழுதியிருக்கிறோம். ஆனால் எழுதியதன் மேலேயே எழுதும் துணிச்சல் எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

எழுதியவன் ஒரு சிப்பாய். வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் நான்கு வருடம் ஒன்றையொன்று அடித்துக்கொண்ட போர் முடிந்த கையோடு, 1865 ஜூன் மாதம், ரிச்மண்டிலிருந்து எழுதியிருந்தான். விர்ஜீனியாவிலுள்ள ரிச்மண்ட் தென் மாநிலங்களின் தலைநகராக இருந்த ஊர். தோற்றுப் பின்வாங்கிய படை கிடங்குகளுக்கு வைத்த தீ பரவி ஊரில் பாதி எரிந்துபோயிருந்தது. மிச்சமிருந்த ஊரில் வடக்குப் படை காவல் நின்றது. அந்தக் காவலில் இவனும் ஒருவன். நாங்கள் குடியிருந்த இடத்திலிருந்து மூன்று மைல் தொலைவில் இருந்த பண்ணையின் மகன். கடிதம் மனைவிக்கு.

நூலகர் எனக்கு இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தார். நான் வீட்டிலிருந்து சிவப்புப் பென்சில் ஒன்றும் நீலப் பென்சில் ஒன்றும் கொண்டுபோனேன். நேர்வரிகளை ஒவ்வோர் எழுத்தாகச் சிவப்பில் தடவினேன். குறுக்குவரிகள் நீலம். முதல் மூன்று நாளில் சிவப்பு முடிந்தது.

சிவப்பு வரிகளில் இருந்தவனை எனக்குப் பிடித்துவிட்டது. அவன் அப்படி ஒன்றும் வீரன் இல்லை. புலம்புகிறவன். சண்டை முடிந்தாயிற்று, அடுத்த வாரம் அனுப்பிவிடுவோம் என்று ஒவ்வொரு வாரமும் சொல்கிறார்கள், நம்பாதே என்று ஆரம்பித்தான். தெருத்தெருவாகச் செங்கல் குவியல். புகைபோக்கிகள் மட்டும் தனியாக நிற்கின்றன. வெயில் ஏறினால் ஊரே அடுப்புச் சாம்பல் வாடை அடிக்கிறது. எங்கள் கொடி தொங்கும் வாசலைக் கடக்க வேண்டியிருந்தால் இந்த ஊர்ப் பெண்கள் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறார்கள், அந்தப் பக்கம் சேறாக இருந்தாலும். என்னையும் இன்னும் இரண்டு பேரையும் ஒரு விதவையின் வீட்டு முன்னறையில் தங்க வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் எங்களிடம் பேசுவதில்லை. தினமும் சாயங்காலம் தன் வெள்ளி ஸ்பூன்களைச் சத்தமாக எண்ணுகிறாள், எங்களுக்குக் கேட்கட்டும் என்று. சும்மா இருக்க முடியாமல் நான் அவளுடைய உடைந்த வேலிக்கதவைச் சரி செய்தேன். அன்றைக்குத்தான் முதல் வார்த்தை பேசினாள்: அது முன்பு உள்பக்கமாகத் திறக்கும்.

அதன் பிறகு சிவப்புப் பசு ஈன்றுவிட்டதா, ஆப்பிள் தோட்டத்து மேற்கு வரிசைக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள், அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று வரிசையாகக் கேள்விகள். கடைசியில், தாள் மடிந்து நைந்துபோன இடத்தில், "தாளைத் திருப்பி" என்ற சொற்கள் மட்டும் தெரிந்தன. அந்த வரியின் மிச்சம் மடிப்பில் போய்விட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் கணவரிடம் சொன்னேன். ஸ்பூன் எண்ணுகிற இடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தவர் சட்டென்று கேட்டார்.

"யாழ்ப்பாணத்துல இப்ப காவல் நிக்கிற சிப்பாயும் இப்படித்தான் வீட்டுக்கு லெட்டர் போடுவானோ? மாடு கன்னு போட்டுச்சான்னு?"

அந்த வருடங்களில் யாழ்ப்பாணம் பற்றி நான் படித்ததெல்லாம் ஸ்பூன் எண்ணுகிறவர்களின் பக்கத்திலிருந்துதான். முன்னறையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவன் வீட்டுக்கு என்ன எழுதுவான் என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை. நினைக்க விருப்பமும் இருந்ததில்லை. "தெரியலைங்க," என்று மட்டும் சொன்னேன்.

நீல வரிகள்தான் பாடாய்ப் படுத்தின. கையெழுத்து அதேதான், மையும் அதேதான். ஆனால் ஆள் மாறிவிட்ட மாதிரி இருந்தது. புலம்பல் இல்லை, கிண்டல் இல்லை. குட்டி குட்டி வாக்கியங்கள். அதைவிட விநோதம், அதில் சொன்ன விஷயம். முன்னால் முயன்ற இருவரும் பக்கத்தில் ஒரு குறிப்பு வைத்திருந்தார்கள்: பொருள் விளங்கவில்லை, எழுதியவருக்குக் காய்ச்சல் இருந்திருக்கலாம்.

ஒரு வாரம் கழித்துக் கணவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஏங்க, ஒருத்தன் பொண்டாட்டிக்கு லெட்டர் எழுதுறான். அதுலயே 'என் பொண்டாட்டியைக் காணோம், தேடிக் குடுங்க'ன்னு எழுதுவானா?"

"ரெண்டு சம்சாரமா இருக்கும். ஒண்ணுகிட்ட இன்னொண்ணைத் தேடச் சொல்றான்."

"சிரிக்காதீங்க. நிஜமாவே அப்படித்தான் இருக்கு. இடது மணிக்கட்டுல இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருக்கும், சிரிச்சா கையால வாயை மூடிக்குவாங்கிறான். பொண்டாட்டிக்கே அவளோட அடையாளத்தை எழுதுவானா?"

அவர் தாளை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "அப்ப இது அவன் பொண்டாட்டி இல்ல. வேற யாருக்கோ எழுதினதா இருக்கும்," என்றார்.

பாதி சரியாகச் சொல்லியிருந்தார் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நான் மாட்டிக்கொண்டது ஒரே ஒரு வார்த்தையில். "அவளிடமிருந்து நான் ... போது" என்று ஒரு வரி. நடுவில் இருந்த சொல்லை முன்னால் படித்தவர்கள் 'டோல்ட்' என்று எழுதியிருந்தார்கள், சொல்லப்பட்டபோது. நானும் அப்படியே படித்தேன். முதல் எழுத்தில் 'டி'க்குரிய குறுக்குக்கோடு தெளிவாக இருந்தது. ஆனால் அவளிடமிருந்து நான் சொல்லப்பட்டபோது என்றால் அது எந்த ஊர் இங்கிலீஷ்? பண்ணைக்காரன்தான், ஆனாலும் நேர்வரிகளில் அவன் ஒரு இடத்தில்கூட இப்படி உளறவில்லை. என் மாணவி ஒருத்தி எழுதியிருந்தால், தப்பு அவளுடையதா, என் கண்ணுடையதா என்று முதலில் யோசித்திருப்பேன்.

அந்த யோசனையோடு மூலத்தாளைக் காட்டச் சொன்னேன். நூலகர் பருத்திக் கையுறை கொடுத்து, பூதக்கண்ணாடியும் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடி வழியே பார்த்தபோது அந்தக் குறுக்குக்கோடு அந்தச் சொல்லைச் சேர்ந்ததே இல்லை. கீழே ஓடிய நேர்வரியில் இருந்த ஒரு நீண்ட எழுத்தின் வால் அது. சரியாக அந்த இடத்தில் வந்து படுத்திருந்தது. அதைக் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது 'டி' இல்லை, 'எஸ்'.

'ஸோல்ட்'. விற்கப்பட்டபோது.

அவளிடமிருந்து நான் விற்கப்பட்டபோது.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அந்தச் சொல் வந்ததும் மற்றவை எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தன. இது சிப்பாயின் கடிதமே இல்லை. சிப்பாய் கையால் எழுதியது, அவ்வளவுதான். பேசியது வேறொருவர். அடிமையாக இருந்து, விற்கப்பட்டு, அந்த வருடம்தான் விடுதலையான ஒரு கறுப்பின மனிதர்.

நூலகரைக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டினேன். பூதக்கண்ணாடி வழியே ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இது இத்தனை வருஷமா அந்த வீட்டுப் பரண்ல இருந்திருக்கு," என்றார். "சிப்பாய் எழுதின லெட்டர்னு நினைச்சுக்கிட்டு."

அன்றைக்கு மூன்று மணிவரை இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து மீதியைப் படித்தோம். நான் வாசிக்க வாசிக்க அவர் எழுதிக்கொண்டார். கதை இதுதான். அந்த மனிதர் வட கரோலினாவில் ஒரு பண்ணையில் பிறந்தவர். அங்கேயே திருமணம் ஆனது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவரை மட்டும் ரிச்மண்டில் ஒரு புகையிலை ஆலைக்காரருக்கு விற்றுவிட்டார்கள். மனைவி அங்கேயே இருந்தாள். போரின்போது வடக்குப் படை அந்தப் பக்கம் வந்ததும் அவள் பண்ணையை விட்டு ஓடி, ஓர் அதிகாரியின் குடும்பத்துக்குச் சமையல்காரியாக வடக்கே போய்விட்டாள் என்று அவருக்குச் செய்தி வந்தது. ஜெர்சி என்றார்கள் சிலர், ஃபிலடெல்ஃபியா என்றார்கள் சிலர். அதனால் அவர் முகாமில் நியூ ஜெர்சிக்காரன் யார், எழுதத் தெரிந்தவன் யார் என்று விசாரித்துக்கொண்டே வந்து இந்தச் சிப்பாயைப் பிடித்திருக்கிறார்.

இது எப்படித் தெரிந்தது என்றால், நீல வரிகள் முடிந்த இடத்தில் ஓரத்தில், மங்கிய பொடி எழுத்தில், சிப்பாய் தன் சொந்தக் குரலில் மனைவிக்கு நான்கு வரி எழுதியிருந்தான். அதைத்தான் முன்பு படித்தவர்கள் காய்ச்சல் குழப்பம் என்று எடுத்துக்கொண்டது. அவன் எழுதியது இது: ஒருவனுக்கு எழுதத் தெரியும் என்று ஒருவருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. தினமும் வாசலில் ஆள் நிற்கிறார்கள். ஜெர்சிக்காரன் யார் என்று விசாரித்துக்கொண்டு வந்த இவரை முதலில் நான் இரண்டு தடவை திருப்பி அனுப்பினேன். மூன்றாவது நாள் மழையிலும் வந்து நின்றார். வேறு தாள் இல்லாததால் உன் கடிதத்தின் மேலேயே எழுதினேன், கோபித்துக்கொள்ளாதே. நம் ஊர்க் கறுப்பினத்தார் சர்ச்சில் இதை வாசிக்கச் சொல்லு.

அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு பழைய சர்ச் இன்னும் இருக்கிறது என்றார் நூலகர். பத்து நிமிட டிரைவ். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அந்தக் கடிதம் அங்கே வாசிக்கப்பட்டதா? இருவருக்கும் அந்த ஒரு கேள்விதான்.

புதன்கிழமை அவருடைய காரில் போனோம். வெள்ளை வர்ணம் அடித்த மரக் கட்டடம், ஒரு பெட்ரோல் பங்குக்கும் டயர் கடைக்கும் நடுவில். சர்ச்சின் பழைய பதிவுகளைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வுபெற்ற நர்ஸ், கறுப்பினப் பெண்மணி. எங்களைப் பார்த்தவுடன் அவருக்குச் சந்தேகம்தான் வந்தது. இப்படி அடிக்கடி யாராவது வந்து பழைய புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போவார்களாம், திரும்பி வராதாம். நூலகர் விளக்க ஆரம்பித்தார். அந்த அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்.

"கடிதத்தைப் படிச்சது நீங்களா?"

"ஆமாம்."

"எங்கே, எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

டைப் செய்த தாள் இருந்தது. அவர் அதை வேண்டாம் என்றார். மூலத்தின் நகலைப் பார்த்துப் படிக்கச் சொன்னார். படித்தேன். தழும்பு வந்த இடத்தில் தன் மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டார். முடித்ததும் எழுந்து உள்ளே போய், தோல் அட்டை போட்ட ஒரு கனமான நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எந்த மாசம்?" என்றார்.

ஜூன் மாதக் கடிதம் என்றோம். ஜூலையில் ஒன்றும் இல்லை. ஆகஸ்டிலும் முதல் பக்கத்தில் இல்லை. அடுத்த பக்கத்தில் என் கண்ணில்தான் முதலில் பட்டது. மிகப் பொடியான கையெழுத்து: ரிச்மண்டிலிருந்து ஒருவர் தன் மனைவியைத் தேடி எழுதிய கடிதம் ஆராதனைக்குப் பின் வாசிக்கப்பட்டது. கொண்டுவந்தவர் ஒரு பண்ணைக்காரரின் மனைவி. இங்கே யாருக்கும் அவளைத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறும் வாசிக்கப்பட்டது. மூன்றாம் ஞாயிறும். நகல் எடுத்து ஃபிலடெல்ஃபியாவில் உள்ள சகோதரர்களுக்கு அனுப்பப்பட்டது. கடிதம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

நாங்கள் மூவரும் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராகக் குனிந்து அந்த ஐந்து வரியைத் திரும்பத் திரும்பப் படித்தோம். அப்படியானால் அந்த மனைவி, பசு ஈன்றதா என்று கேட்கப்பட்ட அந்தப் பெண், கணவன் கேட்டதைச் செய்திருக்கிறாள். மூன்று மைலோ நாலு மைலோ வண்டி கட்டிக்கொண்டு வந்து, தன் சொந்தக் கடிதத்தை அந்நியர்கள் கையில் கொடுத்திருக்கிறாள். ஆப்பிள் தோட்டமும் மாமனார் முழங்காலும் எல்லாருக்கும் தெரிந்தாலும் பரவாயில்லை என்று.

"மூணு ஞாயிறு," என்றார் அந்த அம்மா. "மூணு ஞாயிறு வாசிச்சிருக்காங்க." பிறகு நோட்டை மூடினார். "இந்த ஞாயிறு நீங்க வந்து வாசிக்கணும்."

நான் பதறிப்போனேன். நான் வெளியூர்க்காரி, என் உச்சரிப்பு உங்களுக்கே புரியாது, சர்ச்சில் பேசி எனக்குப் பழக்கமில்லை, நான் கிறிஸ்தவளும் இல்லை என்று அடுக்கினேன்.

"எனக்குப் புரிஞ்சுதே," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்ன உடுத்துவது என்று வீட்டில் ஒரு பெரிய குழப்பம். கடைசியில் பச்சைப் பட்டுக்கரை போட்ட காட்டன் புடவை, அதற்கு மேல் குளிர்காலக் கோட்டு. கணவர் டிரைவ் பண்ணினார். வழியெல்லாம் அவருக்குத்தான் படபடப்பு.

"மெதுவா படி. நீ டென்ஷன் ஆனா திருநெல்வேலி ஸ்பீடுல போவ."

"நீங்க முன்னாடி உக்காராதீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குச் சிரிப்பு வந்துரும்."

அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். பெண்கள் தொப்பி வைத்திருந்தார்கள். பாட்டும் பிரசங்கமும் முடிந்ததும் அந்த நர்ஸ் அம்மா எழுந்து, இந்தக் கடிதம் இங்கே கடைசியாக வாசிக்கப்பட்டது 1865-இல் என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைக் கை காட்டினார்.

முதல் வரியைக் கணவர் சொன்னபடி மெதுவாகப் படித்தேன். பிறகு அது என் குரல் என்பதே மறந்துபோனது. "நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவளுக்குச் சொல்லுங்கள்" என்ற இடம் வந்தபோது யாரோ "ஆம்" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் கோயிலில் இப்படிக் குறுக்கே பேச மாட்டோம். ஆனால் அடுத்த வரிக்கும் ஒரு "ஆம்" வந்தது, அதற்கடுத்த வரிக்கு இன்னும் நாலைந்து பேர். அந்தச் சத்தம் என்னைப் பிடித்து நடத்திக்கொண்டு போனது. முடித்துத் தாளை மடிக்கப் போனேன். நடு வரிசையிலிருந்து ஒரு வயதானவர் எழுந்தார்.

"இன்னொரு தடவை வாசிங்கம்மா. தழும்பு எந்தக் கையில்னு சரியா கேட்கலை."

இப்போதே போய்த் தேடப் போகிறவரைப் போலக் கேட்டார். மறுபடியும் வாசித்தேன்.

ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் சாப்பாடு. கோழி வறுவலும் மக்காச்சோள ரொட்டியும் இருந்தன. நான் சைவம் என்று தெரிந்ததும் எனக்கு மட்டும் மூன்று வகை கேக். ஆட்கள் வரிசையாக வந்து நகலைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். இந்தக் கொசுவலையிலிருந்து எப்படி எழுத்தைப் பிரித்தாய் என்று கேட்டார்கள். சிவப்பு, நீலம் என்று காட்டினேன். தழும்பு வரியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். கணவர் ஒரு மூலையில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரோடு, அந்தக் காலத்தில் ரிச்மண்டிலிருந்து இங்கே கடிதம் வர எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று மும்முரமாக விவாதித்துக்கொண்டிருந்தார். என்னைவிட அதிக நேரம் அங்கே இருந்து பேசியது அவர்தான்.

அதன் பிறகு நாங்கள் தேடியதெல்லாம் மெதுவாக நடந்தது. சிப்பாய் அந்த வருடக் கடைசியில் ஊர் திரும்பிவிட்டான். பண்ணையைப் பார்த்துக்கொண்டு வயதாகிச் செத்தான். அது பெட்டிகளிலேயே இருந்தது. ஃபிலடெல்ஃபியாவுக்கு நூலகர் மூன்று கடிதம் எழுதினார். இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவது சர்ச்சில் அந்தக் காலத்துப் பதிவுகள் வெள்ளத்தில் போய்விட்டதாகச் சொன்னார்கள். எனக்கு அதற்குள் எச்-1 கிடைத்து பார்சிப்பனியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். சனிக்கிழமை மட்டும் நூலகம். 2000-இல் கணவருக்குக் கலிஃபோர்னியாவில் வேலை கிடைத்தது. ஃப்ரீமான்ட்டுக்குக் குடிபோனோம்.

அங்கே போய் எட்டு மாதம் கழித்து நூலகரிடமிருந்து ஒரு கவர் வந்தது. அவர் விடுமுறையில் ரிச்மண்ட் போயிருக்கிறார். பழைய கணக்கெடுப்பு ஏடுகளின் மைக்ரோஃபிலிமில் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறார். 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் ஆள் இருக்கிறார் என்று எழுதியிருந்தார். கடிதத்தில் இருந்த அதே பெயர், புகையிலை ஆலைத் தொழிலாளி, வயதும் பொருந்துகிறது. அதே வீட்டில் ஒரு பெண்ணின் பெயரும் இருக்கிறது. கடிதத்தில் மனைவிக்கு அவர் சொன்ன பெயரேதான். ஆனால் அது அந்த நாளில் மிகச் சாதாரணமான பெயர், தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும், அதனால் ஒன்றும் சொல்ல முடியாது என்று முடித்திருந்தார்.

அன்று சாயங்காலம் மௌரி அவென்யூ இந்தியக் கடையில் கறிவேப்பிலையும் தேங்காயும் வாங்கிக்கொண்டு காரில் உட்கார்ந்தபடியே இதைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன்.

"அஞ்சு வருஷத்துல வேற ஒருத்தியக் கட்டியிருப்பான்," என்றார் உடனே. "பேரு ஒண்ணா இருக்கிறது கோஇன்சிடன்ஸ்."

"இருக்கலாம். பிள்ளைங்க இருக்கான்னு கேக்கணும். எத்தனை வயசுன்னு கேக்கணும்."

கேட்டு எழுதினேன். பதில் வந்தது: இரண்டு குழந்தைகள், பெரியதற்கு மூன்று வயது. அதற்கு நான் திரும்ப எழுதினேன்: அந்தப் பெண் பிறந்த மாநிலம் அந்தப் பட்டியலில் இருக்குமே, அதை ஏன் எழுதவில்லை? நூலகர் அதைக் குறித்துக்கொள்ளவே இல்லை. ரிச்மண்டில் இருந்த ஒரு சிநேகிதியை மறுபடியும் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். ஒரு மாதம் காத்திருந்தேன். இந்த முறை போஸ்ட் கார்டு வந்தது. அதில் ஒரே வரி. வீட்டில் உள்ள மற்ற எல்லாரும் விர்ஜீனியாவில் பிறந்தவர்கள். அந்த ஆணும் அந்தப் பெண்ணும் மட்டும் வட கரோலினா.

கார்டைக் கணவரிடம் கொடுத்தேன். அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று படித்தார்.

"அவளேதான்," என்றார்.

"அப்படிச் சொல்லிட முடியாதுங்க. வட கரோலினால இருந்து எத்தனையோ பேர் ரிச்மண்டுக்கு வந்திருப்பாங்க."

"இல்ல, அவளேதான். நீ வேணும்னா இன்னும் நாலு லெட்டர் போட்டுக் கேளு."

நாலு இல்லை, இதுவரை ஆறு போட்டாயிற்று. திருமணப் பதிவு இருக்குமா, சர்ச் பதிவு இருக்குமா, அந்தப் புகையிலை ஆலையின் ஆள் பட்டியல் எங்காவது இருக்குமா என்று. நூலகர் சளைக்காமல் பதில் போடுகிறார். இன்னும் எதுவும் கிடைக்கவில்லை. சர்ச் அம்மாவுக்கு அந்த போஸ்ட் கார்டு செய்தியை ஃபோனில் சொன்னேன். ஆகஸ்ட் மாதப் பக்கத்தில் அந்த ஐந்து வரிக்குக் கீழே இடம் இருக்கிறது, அங்கே இதையும் எழுதி வைக்கலாமா என்று கேட்டார். உறுதியாகத் தெரியாதே என்றேன். தெரியாது என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன் என்றார்.